உயிரின் வலையமைப்புகள்: கலம், மரபணு, நரம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. சில வகுப்பில் வந்தவை, சில மீன் சந்தையில் வந்தவை. பாடத்திட்டத்துக்குள் அடங்காதவையும் உண்டு. எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம்.

உயிரியலில் வலையமைப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான். புள்ளியைக் கணு என்போம், கோட்டை இணைப்பு என்போம். கணு ஒரு புரதமாக இருக்கலாம், மரபணுவாக இருக்கலாம், நரம்புக்கலமாகவும் இருக்கலாம்.

பிள்ளைகள் குழம்புவது கோட்டில்தான். கலத்தின் உட்கூட்டைப் பற்றிப் பேசும்போது கோடு என்பது உண்மையான ஓர் இழை, நுணுக்குக்காட்டியில் படமெடுக்கலாம். மரபணு வலையமைப்பில் அப்படி ஓர் இழையே கிடையாது. 'இது அதை இயக்குகிறது', 'இது அதை அடக்குகிறது' என்ற உறவைத்தான் கோடாக வரைகிறோம். நரம்பில் இரண்டும் சேர்ந்து வரும்: இழையும் உண்டு, இயக்கலும் அடக்கலும் உண்டு. ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் கோட்டுக்குத் திசை இருக்கிறதா, எவ்வளவு வலுவானது, எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறொன்று. எந்த இடத்தில் வெட்டினால் எது நின்றுபோகிறது என்று பார்ப்பது. இந்தப் பக்கத்தில் நஞ்சுகள் இத்தனை வருவதற்குக் காரணம் அதுதான். சில நஞ்சுகள் ஒரே ஒரு இடத்தில், கத்தியைவிடச் சுத்தமாக வெட்டும்.

கலத்துக்குள் இருக்கும் வலை, கரைவலை மாதிரி ஒன்றா?

பார்வைக்கு அப்படித் தெரியும். ஆனால் கரைவலையை ஒருமுறை பின்னினால் அது அப்படியே கிடக்கும், அறுந்தால் தைக்க வேண்டும். கலத்தின் வன்கூடு நிமிடத்துக்கு நிமிடம் கழன்று, திரும்பக் கட்டப்படுகிறது.

மூன்று வகை இழைகள் உண்டு. அக்டின் இழை சுமார் 7 நனோமீற்றர் தடிப்பு. வெண்குருதிக் கலம் கிருமியைத் துரத்தி ஊர்வது இதன் உதவியால்தான். இடைத்தர இழைகள் சுமார் 10 நனோமீற்றர். இவை இழுவையைத் தாங்குகின்றன. தோலில் உள்ள கெரற்றின் இந்த வகை. அதற்குரிய மரபணுவில் பிழை இருந்தால் லேசாக உரசினாலே தோல் கொப்புளித்துப் போகும். மூன்றாவது நுண்குழாய், 25 நனோமீற்றர். ரியூபுலின் என்ற புரதம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உருவாகும் குழாய் இது. நீண்டுகொண்டே வரும், திடீரென்று சரிந்து குறுகும், மறுபடி நீளும். இந்த நடத்தையை மிச்சிசனும் கேர்ஷ்னரும் 1984இல் விளக்கினார்கள்.

ஏன் இப்படி ஓயாமல் கட்டி உடைக்க வேண்டும்? கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை (மரபணுக்கள் அடங்கிய குரோமோசோம்களை) தேடிப் பிடிக்க வேண்டுமே. நுண்குழாய் ஒரு பக்கம் நீளும், அங்கே நிறமூர்த்தம் அகப்படாவிட்டால் சரிந்து இன்னொரு பக்கம் நீளும். பிடித்த இழைதான் நிலைக்கும்.

கார்த்திகைப்பூக் கிழங்கு ஏன் ஆளைக் கொல்கிறது? அதற்கும் வலைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. மேலே சொன்ன கட்டி உடைக்கும் வேலையை அது நிறுத்திவிடுகிறது.

மாரி தொடங்கினால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வேலியோரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் கொடியைத் தெரியாதவர் இல்லை. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். நிலத்துக்குக் கீழே கிழங்கு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு ஆபத்துக்குள்ளானவர்கள் நாட்டில் உண்டு, வேண்டுமென்றே சாப்பிட்டவர்களும் உண்டு.

அதிலுள்ள நஞ்சு கொல்சிசின். அது ரியூபுலினில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் நுண்குழாய் நீள முடியாது. நிறமூர்த்தங்கள் கலத்தின் நடுவே வந்து காத்துக் கிடக்கும், இழுத்துப் பிரிக்க ஆளில்லை. கலப்பிரிவு அந்தக் கட்டத்திலேயே உறைந்துவிடும்.

இப்போது நோயாளியைப் பாருங்கள். முதலில் கடுமையான வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், ஏனென்றால் குடலின் உட்சுவர்க் கலங்கள் ஓயாமல் பிரிபவை. பிறகு சில நாட்களில் குருதிக் கலங்கள் குறையும், ஏனென்றால் எலும்பு மச்சையும் அப்படியே. இதையும் தாண்டிப் பிழைத்தவருக்கு ஓரிரு வாரத்தில் தலைமயிர் கொட்டும். வயிறு, குருதி, மயிர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்கள், ஆனால் மூன்றுக்கும் வேர் ஒரே புரதம். பரீட்சைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. (சாப்பிட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.)

இதே கொல்சிசின் மிகக் குறைந்த அளவில் கவுட் எனப்படும் மூட்டு வருத்தத்துக்கு மருந்து. அதைவிட இன்னொரு சங்கதி: மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் என்று 1956இல் தியோவும் லெவானும் எழுதினார்கள் அல்லவா? அதுவரை பல புத்தகங்களில் 48 என்றுதான் இருந்தது. அவர்கள் சரியாக எண்ண முடிந்ததற்கு, கலப்பிரிவைப் பாதியில் நிறுத்த அவர்கள் பயன்படுத்திய கொல்சிசினும் ஒரு காரணம்.

விசர்நாய் முகத்தில் கடித்தால் கூடுதல் ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை, அதன் விளக்கமும் நுண்குழாயில்தான் இருக்கிறது. முள்ளந்தண்டிலிருந்து பாதம் வரை போகும் நரம்புக்கலத்தின் இழை ஒரு மீற்றர் அளவுக்கு நீளும். அவ்வளவு தூரத்துக்குப் புரதங்களைக் கொண்டுபோக, இழைக்குள்ளே நுண்குழாய்கள் தடமாகப் போடப்பட்டிருக்கின்றன. கைனீசின் என்ற மோட்டார்ப் புரதம் 8 நனோமீற்றர் அடியாக எடுத்துவைத்து வெளிநோக்கிச் சரக்கை நடத்திப் போகும். டைனீன் என்ற இன்னொன்று கலவுடலை நோக்கித் திருப்பிக் கொண்டுவரும். வேகமான சரக்கு ஒரு நாளில் 40 சென்ரிமீற்றர் வரை போகும்.

விசர்நாய்க்கடி வைரஸ் இந்தத் திரும்பும் வழியில் ஏறிக்கொள்கிறது. குருதியில் அலைவதில்லை, நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. முகத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் வழி குட்டை, ஆகவே நோய் வர எடுக்கும் காலமும் பெரும்பாலும் குறைவு. கால் கடிதானே என்று அலட்சியம் பண்ணலாமா என்றால், கூடாது. வைரஸ் நரம்பில் ஏறுமுன் தடுப்பதுதான் ஒரே வழி. நோய் வெளிப்பட்டபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போய் ஊசி போடுங்கள்.

இழைமணி என்றால் அவரை விதை வடிவம்தானே?

வெட்டுமுகத்தில் அப்படித் தெரிகிறது, பாடப்புத்தகப் படமும் அதிலிருந்து வந்ததுதான். உயிருள்ள கலத்தில் பார்த்தால், கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இந்த இழைமணிகள் (மைற்றோகொண்ட்ரியா) பல ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட கிளை வலையாகும், பிறகு துண்டுகளாகப் பிரியும், மறுபடி சேரும். அகமுதலுருச் சிறுவலையும் இப்படித்தான். பல துண்டுகள் போலப் படத்தில் தெரிந்தாலும் கருவின் உறையோடு தொடர்ந்து செல்லும் ஒரே மென்சவ்வு அது. பரீட்சையில் அவரை விதையையே வரையுங்கள், புள்ளி அதற்குத்தான்.

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சீனி வருத்தம். எந்த மரபணுவால்?

ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்ட முடியாது. பெரும்பாலானோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேர்க்கின்றன. அதோடு சோறும் உடலுழைப்பும் வயதும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே மரபணுவால் வரும் அரிய நீரிழிவு வகைகளும் இருக்கின்றன. பொதுவாக இளவயதிலேயே தெரியவரும்.

உயரத்தை எடுத்துப் பாருங்கள். 2022இல் வந்த ஓர் ஆய்வில் 54 இலட்சம் பேருடைய தரவை வைத்துத் தேடினார்கள். உயரத்தோடு தொடர்புள்ள 12,111 மரபணு வேறுபாடுகள் கிடைத்தன. மனிதனிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் மொத்தமே சுமார் 20,000தான். ஆகவே 'உயர மரபணு', 'சீனி மரபணு', 'கெட்டித்தன மரபணு' என்று செய்தி வந்தால், தலைப்போடு நிறுத்திவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாக் கலத்திலும் ஒரே மரபணுக்கள் என்றால், ஈரல் ஏன் ஈரலாகவும் கண் ஏன் கண்ணாகவும் இருக்கிறது?

எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை மற்ற மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அந்தத் தீர்மானங்களின் தொகுதிதான் மரபணு வலையமைப்பு.

தொடக்கம் பக்ரீரியாவில். ஈ. கோலை பக்ரீரியாவுக்கு குளுக்கோசும் லக்றோசும் சேர்த்துக் கொடுத்தால் முதலில் குளுக்கோசை முடிக்கும், கொஞ்சம் நின்று, பிறகுதான் லக்றோசில் கைவைக்கும். ஏன் நிற்கிறது? பிரான்சில் ஜேக்கப், மொனோ இருவரும் 1961இல் பதிலைக் கொடுத்தார்கள். லக்றோசைச் சமிக்கச் செய்யும் மரபணுக்களின் வாசலில் ஓர் அடக்கிப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. லக்றோஸ் வந்தால் அது எழுந்து போகும். ஆனால் குளுக்கோஸ் இருக்கும்வரை, எழுந்து போனாலும் மரபணு முழு மூச்சாக வேலை செய்யாது. 'லக்றோஸ் உண்டு, குளுக்கோஸ் இல்லை' என்ற இரண்டு நிபந்தனையும் பொருந்த வேண்டும். நரம்பே இல்லாத ஓர் உயிர், சூழலைப் பார்த்து இப்படி முடிவெடுக்கிறது. 1965இல் இருவருக்கும், ல்வோஃப் என்பவரோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

பெரிய உயிர்களில் சில மரபணுக்கள் ஒரு முழு வலையமைப்பையே தட்டி எழுப்பக்கூடியவை. 1995இல் கேரிங் என்பவரின் ஆய்வுகூடத்தில் பழ ஈயின் ஒரே ஒரு மரபணுவை, அது வழக்கமாக வேலை செய்யாத இடங்களில் இயக்கினார்கள். காலிலும் சிறகிலும் உணர்கொம்பிலும் கண் முளைத்தது. ஈயின் அந்த மரபணுவுக்குப் பதிலாக, எலியிலிருந்து எடுத்த அதற்கு நிகரான மரபணுவை ஈயில் போட்டார்கள். அப்போதும் கண் வந்தது, எலிக்கண் அல்ல, ஈயின் கண். கட்டளை எலியிடமிருந்து வந்தது, ஆனால் கட்டிய வலையமைப்பு ஈயினுடையது!

ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா 2006இல் நான்கே நான்கு மரபணுக்களால் எலியின் தோல் போன்ற சாதாரணக் கலங்களை, வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்களாக மாற்றியதும் இந்த வரிசையில்தான் வருகிறது. அடுத்த ஆண்டில் மனிதக் கலத்திலும் அது சாத்தியமானது.

வலையமைப்பு நேரத்தையும் அறியுமா?

அறியும். ஒரு மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது, அந்தப் புரதம் சேர்ந்து சேர்ந்து தன்னைச் செய்த மரபணுவையே அடக்குகிறது, பிறகு புரதம் சிதைந்து குறைய, மரபணு மறுபடி எழும்புகிறது. இந்தச் சுற்று ஏறக்குறைய 24 மணி நேரம் எடுக்கும்படி அமைந்திருக்கிறது. பழ ஈயில் இதன் மரபணுவை 1971இல் கொனொப்காவும் பென்சரும் இனங்கண்டார்கள். இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹோல், ரொஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தது. நம் உடலிலும் இதே மாதிரிச் சுற்றுத்தான். இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போய் விடியத் திரும்புகிறவர்களுக்குப் பகலில் நித்திரை சரியாகப் பிடிக்காததில் இந்தச் சுற்றுக்கும் பங்கு உண்டு.

தலசீமியா ஒரே மரபணுவால் வருவதுதானே? அங்கே வலையமைப்புக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி. பீற்றா தலசீமியா என்ற பரம்பரைக் குருதிச்சோகை நோய், பீற்றா குளோபின் என்ற ஒரு மரபணுவின் பிழைதான். பெற்றோர் இருவரும் காவிகளாக (பழுதான மரபணுவில் ஒரு பிரதியைச் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 வீத வாய்ப்பு. திருமணத்துக்கு முன் குருதிப் பரிசோதனை செய்யச் சொல்வது அதனால்தான்.

ஆனால் சிகிச்சை அந்த மரபணுவைத் தொடாமலேயே வந்திருக்கிறது. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்து சில மாதங்களில் அது ஏறக்குறைய நின்றுவிடும். நிறுத்துவது பி.சி.எல்.11.ஏ என்ற அடக்கி. நோயாளியின் சொந்தக் குருதி மூலக்கலங்களை வெளியே எடுத்து, குருதிக் கலங்களில் அந்த அடக்கியை இயக்கும் ஆளியை (சுவிச்சை) வெட்டிவிட்டுத் திருப்பி உடலில் விட்டால், கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உண்டாகும். பழுதான மரபணு பழுதாகவே கிடக்கிறது, நோயாளிக்கோ குருதி ஏற்றும் தேவை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மரபணுத் திருத்தத்தால் ஆன இந்தச் சிகிச்சைக்கு முதல் அனுமதி 2023 நவம்பரில் பிரித்தானியாவில் கிடைத்தது. விலை இப்போதைக்கு நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது. அதனால் பரிசோதனை செய்துகொள்வதுதான் இன்றைக்கும் நமக்கு உதவுவது.

ஒரு மரபணுவை நீக்கினால் உயிர் செத்துவிடாதா?

பெரும்பாலும் இல்லை. மதுவத்தில் (ஈஸ்ற்) சுமார் 6,000 மரபணுக்கள். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே, நல்ல உணவு இருந்தும், இல்லாவிட்டால் உயிர்வாழ முடியாதவை. மற்றவற்றுக்கு மாற்றுவழி இருக்கிறது. மாற்றுவழியையும் சேர்த்து அடைத்தால் கதை வேறு. பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதான புற்றுக்கலத்தில் டீ.என்.ஏ. திருத்தும் வழி ஒன்று ஏற்கனவே அடைபட்டிருக்கும். மருந்தால் இன்னொன்றையும் அடைத்தால் அந்தக் கலம் மடியும், பக்கத்தில் உள்ள நல்ல கலம் தப்பும். ஒலபரிப் என்ற மருந்து இந்த அடிப்படையில் 2014இலிருந்து பாவனையில் இருக்கிறது.

நரம்பு மண்டலம் ஒரே தொடர்ச்சியான வலையா, தனித்தனிக் கலங்களா?

இதற்காக இரண்டு பெரிய மனிதர்கள் வாழ்நாள் முழுக்க முரண்பட்டார்கள். இத்தாலியரான கொல்கி 1873இல் வெள்ளி உப்பால் நரம்புக்கலத்தைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்பது அவர் கட்சி. ஸ்பானியரான கஹால் அதே சாயத்தை வைத்துக்கொண்டே, இல்லை, ஒவ்வொன்றும் தனிக்கலம், இடையில் இடைவெளி இருக்கிறது என்றார். 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மேடையில் கொல்கி தன் உரையைக் கஹாலின் கொள்கையை மறுப்பதற்கே பயன்படுத்தினார்.

இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின் கஹால் சொன்னதே சரியென்று ஆனது. நரம்பிணைப்பில் சுமார் 20 நனோமீற்றர் இடைவெளி இருக்கிறது, இரசாயனம் அதைக் கடந்து செய்தியைக் கொடுக்கிறது. ஆனால் 2023இல் ஒரு வேடிக்கை நடந்தது. டீனோஃபோர் என்ற, சொறி (ஜெலிமீன்) போலவே கண்ணாடியாகத் தெரியும் கடலுயிர் ஒன்றில் தோலுக்குக் கீழுள்ள நரம்பு வலை உண்மையிலேயே இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கிடப்பதைக் கண்டார்கள். கொல்கி இருந்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார்.

கணவாயில் நரம்பைக் கண்ணால் பார்க்கலாம் என்கிறார்களே, எப்படி?

ஊசிக்கணவாய் வேண்டும், அன்று காலை பிடித்ததாக இருக்க வேண்டும். ஐஸில் நாட்கணக்காகக் கிடந்ததில் எல்லாம் வெள்ளையாகி ஒன்றும் தெரியாது. வழக்கமாகக் கறிக்கு வளையம் வளையமாக வெட்டுவதற்கு முன், உடற்பையை நீர் பீய்ச்சும் குழாய் இருக்கும் பக்கமாக நீளத்துக்குக் கீறி விரியுங்கள். குடலையும் மைப்பையையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். மை உடைந்தால் கழுவிவிட்டுத் தொடரலாம். இப்போது பையின் உட்சுவரில், தலைப்பக்க விளிம்புக்குக் கிட்ட, நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற தண்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு சிறு முடிச்சு தெரியும். அதிலிருந்து நட்சத்திரம் போல நூல்கள் தசைக்குள் பரவும். பின்பக்கம் நோக்கி ஓடும் நரம்புதான் ஆகப் பெரியது. அதற்குள் இருக்கிறது இராட்சத நரம்பிழை. பெரிய கணவாய்களில் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பு. நம்முடைய நரம்பிழைகள் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது.

ஏன் இவ்வளவு தடிப்பு? பயந்தால் கணவாய் பை முழுவதையும் ஒரே கணத்தில் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சிப் பின்னால் பாய வேண்டும். தடித்த இழையில் செய்தி வேகமாகப் போகும். தூரம் கூடிய பின்முனைக்குத் தடித்த இழை, கிட்ட உள்ள தசைக்கு மெல்லியது என்று அமைந்திருப்பதால் எல்லாத் தசையும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சுருங்குகிறது. நாமோ தடிப்பைக் கூட்டாமல், இழைக்குக் கொழுப்புறை போட்டு வேகத்தைக் கூட்டியிருக்கிறோம்.

இந்த இழையை யங் என்பவர் 1936இல் விபரித்தார். ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1939இல் அதற்குள்ளேயே மின்வாயைச் செருகி அளந்தார்கள், போர் குறுக்கிட்டது, 1952இல் முழுக் கணிப்பையும் வெளியிட்டார்கள். சோடியம் உள்ளே பாய்வதும் பொற்றாசியம் வெளியே பாய்வதும்தான் நரம்புச் செய்தி. பின்னொரு காலம், 1961இல், இழைக்குள் இருந்த கூழைப் பிதுக்கி எடுத்துவிட்டு வெறும் உப்புக் கரைசலை நிரப்பினார்கள். அப்போதும் செய்தி ஓடியது.

பேத்தை மீனைத் துப்புரவாக வெட்டிச் சமைத்தால் சாப்பிடலாமா?

சாப்பிடாதீர்கள். பேத்தையின் ஈரல், சினை, பல இனங்களில் தோலும் ரெற்றோடொக்சின் என்ற நஞ்சைக் கொண்டவை. சமைத்தாலும் அது அழியாது. 'எங்கள் ஆட்கள் பரம்பரையாகச் சாப்பிடுகிறார்கள்' என்று சந்தையில் வாதாடுபவர் உண்டு. இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறுவதால் நேற்றுத் தப்பியது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

இந்த நஞ்சு வெட்டும் இடம் சோடியம் நுழையும் வாசல். நரம்பிழையின் வெளிப்பக்கத்திலிருந்து வாசலில் அடைப்பாக உட்கார்ந்துவிடும். 1964இல் நரஹாஷியும் கூட்டாளிகளும் சிங்க இறாலின் நரம்பில் இதைக் காட்டினார்கள். உதடும் நாக்கும் முதலில் விறைக்கும், பிறகு கைகால் சோரும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், அதுதான் கொடுமை. மாற்றுமருந்து இல்லை. இயந்திரத்தால் சுவாசம் கொடுத்து முதல் நாளைத் தாண்டவைத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், ஏனென்றால் நஞ்சு நரம்பை அழிப்பதில்லை, அடைத்து மட்டுமே வைக்கிறது. மீனுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் வாசலில் அமினோ அமிலம் மாறியிருப்பதால் நஞ்சு சரியாக ஒட்டாது.

சொறிக்கு மூளை இல்லை என்கிறார்களே, பிறகு எப்படி நீந்துகிறது?

உடல் முழுக்கப் பரந்த நரம்பு வலை போதும். புறாத்தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்களின் சிற்றுயிர்களுக்கும் அப்படித்தான்: தலைமைச் செயலகம் கிடையாது. இன்னொரு கோடியில் பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்). சுமார் 50 கோடி நரம்புக்கலங்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில். வெட்டிய கை சற்று நேரம் தன்பாட்டில் பற்றிக்கொள்வதைப் பிடித்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

மூளையின் முழு வரைபடமும் கிடைத்தால் சிந்தனையை விளங்கிக்கொள்ளலாமா?

வரைபடம் வேண்டும், ஆனால் அது போதாது. ஒரு மில்லிமீற்றர் நீளமான சீ. எலிகன்ஸ் புழுவில் 302 நரம்புக்கலங்கள். அதன் முழு இணைப்புப் படமும் 1986இலேயே வெளிவந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்றும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. 2024இல் வளர்ந்த பழ ஈயின் முழு மூளையும் வரைந்து முடிந்தது: 139,255 கலங்கள், 5 கோடிக்கு மேல் இணைப்புகள். மனித மூளையில் சுமார் 8,600 கோடிக் கலங்கள்.

என்ன குறைகிறது? அதற்கு நண்டைப் பாருங்கள். நண்டின் மேலோட்டைக் கழற்றினால் கண்களுக்குப் பின்னால் ஒரு பை இருக்கும், சமைக்குமுன் எடுத்து எறிவோமே, அதுதான் இரைப்பை. பிளந்தால் உள்ளே மண்ணிறத்தில் மூன்று பற்கள்: இரண்டு பக்கத்தில், ஒன்று நடுவில். நண்டு வாயில் கிழித்து வயிற்றில் அரைக்கிறது. அரைப்பதையும் அரைத்ததை வடிப்பதையும் நடத்துவது இரைப்பையின்மேல் இருக்கும் ஒரு சிறு நரம்புத்திரட்டு. அதில் கிட்டத்தட்ட 30 கலங்கள் மட்டும். வெளியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்தாலும் தாளம் தவறாமல் துடித்துக்கொண்டிருக்கும்.

ஈவ் மார்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்கிறார். இணைப்பில் கைவைக்காமல் கரைசலில் ஒரு இரசாயனத்தை விட்டால் தாளம் மாறும், இன்னொன்றை விட்டால் வேறொரு தாளம். அதாவது ஒரே வரைபடத்துக்குள் பல நடத்தைகள் இருக்கின்றன. மறுபுறம், 2004இல் அவரது குழு 2 கோடிக்கு மேற்பட்ட கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்த்தது. இணைப்புகளின் வலு பெரிதும் வேறுபட்ட மாதிரிகளும் ஒரே மாதிரித் தாளத்தைத் தந்தன. 30 கலத்திலேயே இவ்வளவு சிக்கல். மூளையைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், நண்டின் வயிற்றை முடித்துவிட்டீர்களா என்று கேளுங்கள்.

சில கணுக்களுக்கு மட்டும் ஏராளமான இணைப்புகள், எல்லா வலையமைப்பும் இப்படித்தான் என்று படித்தேன். சரியா?

பாதி சரி. பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999இல் இதைப் பிரபலமாக்கினார்கள். மதுவத்தில் இணைப்பு அதிகமான புரதங்களை நீக்கினால் கலம் சாக வாய்ப்பு அதிகம் என்று 2001இல் காட்டினார்கள். மனிதக் கலத்தில் பி53 என்ற புரதம் அப்படியொரு மையம். மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் அதன் மரபணு பழுதாகியிருக்கிறது. ஆனால் 'எந்தக் கணுவுக்கு எத்தனை இணைப்பு என்ற பங்கீட்டில் எல்லா வலையமைப்பும் ஒரே சூத்திரத்துக்கு அடங்கும்' என்ற கூற்று தாக்குப்பிடிக்கவில்லை. 2019இல் புரொய்டோவும் குளோசெட்டும் ஏறக்குறைய ஆயிரம் வலையமைப்புகளைச் சோதித்தார்கள். சூத்திரத்துக்குக் கண்டிப்பாகப் பொருந்தியவை கொஞ்சமே.

கணினியில் சொல்லும் நரம்பு வலையமைப்பும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல. 1943இல் மக்கலக்கும் பிற்ஸும் நரம்புக்கலத்தை ஒரு கணிதப் புள்ளியாகச் சுருக்கினார்கள். அங்கிருந்து கிளைத்ததுதான் இன்றைய செயற்கை நுண்ணறிவு. அந்த வரிசையில் 2024இல் ஹொப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் பௌதிகவியல் நோபல் கிடைத்தது. நண்டின் கரைசல் இரசாயனங்களுக்கு இணையானது அதில் பெரும்பாலும் இல்லை.

மகன் கணிதப் பிரிவு. உயிரியல் எடுக்காமல் இந்தத் துறைக்குப் போகலாமா?

தாராளமாக. புழுவின் 302 கலப் படத்தை வைத்து 1998இல் பெயர்பெற்ற ஆய்வைச் செய்த வோட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் கணிதப் பக்கத்தவர்கள். பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவு, வகையீட்டுச் சமன்பாடு, கொஞ்சம் நிரலெழுதல் மூன்றையும் விடாமல் படிக்கட்டும். கலமும் டீ.என்.ஏ.யும் எப்படி வேலை செய்கின்றன என்பதை உயர்தர உயிரியல் புத்தகத்திலிருந்தே ஒரு விடுமுறைக்குள் படித்துக்கொள்ளலாம். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கணிதத்தை அவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை, அதனால் உங்கள் மகனுக்குப் பாதை கொஞ்சம் இலகு.